பழைய வேனும் தணல் அடுப்பும்: இறங்குமுன் போட வேண்டிய கணக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு நடை நடந்தால் போதும். பழைய தூண், பழைய கதவு, பழைய பீங்கான், பழைய எனாமல் தூக்குச்சட்டி எல்லாம் புதிதைவிட அதிக விலைக்குப் போவதைப் பார்க்கலாம். பழையதை வீணாக்காமல் காசாக்கும் வித்தை நம் ஊருக்குப் புதிதல்ல. ஆகவே கிட்டங்கிக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் நிற்கும் பழைய சரக்கு வேனைப் பார்த்துவிட்டு, "அப்பா, இதைப் பார்பிக்யூ வண்டியாக மாற்றிவிடலாமே" என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்பதில் வியப்பில்லை. இந்தக் கேள்வி நம் உறுப்பினர்கள் பலர் வாயிலாக நம் காதுக்கும் வந்துவிட்டது. எனவே இம்மாதப் பாடமாக அதையே எடுத்துக் கொள்கிறோம்.

முதலில் இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். 2008 நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 'கோகி' என்ற வண்டி ஓடத் தொடங்கியது. கொரிய முறையில் சுட்ட இறைச்சியை மெக்சிகோ நாட்டு ரொட்டியில் மடித்துக் கொடுத்தார்கள். இன்றிரவு வண்டி எந்தத் தெருவில் நிற்கும் என்பதை இணையத்தில் முன்கூட்டியே அறிவிப்பார்கள். கூட்டம் அங்கே போய்க் காத்திருக்கும். உலகெங்கும் உணவு வண்டி மோகத்தைக் கிளப்பிவிட்டதில் அந்த வண்டிக்குப் பெரிய பங்கு உண்டு. நம் மாநிலத்திலும் 2020-ல் சென்னையில் நடமாடும் அம்மா உணவக வண்டிகள் விடப்பட்டன. அவை அரசு வண்டிகள். நட்டம் வந்தாலும் தாங்கும். நம் வண்டிக்கு நம் கல்லாதான் தாங்க வேண்டும்.

நம் செட்டிநாட்டாருக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் சிங்கப்பூர். கொண்டுவிற்கப் போன நம் முன்னோர் அங்கே கடற்கரையோரம் மாலை நேரத்தில் கரி அடுப்பு வைத்துச் 'சாத்தே' சுட்டு விற்பவர்களைப் பார்த்திருப்பார்கள். சிறு சிறு துண்டு, மெல்லிய குச்சி, சில நிமிடத்தில் வெந்துவிடும், எண்ணிக்கைக்கு விலை. இதில் வியாபாரிக்கு ஒரு பாடம் இருக்கிறது. கிலோக் கணக்கில் விற்றால் தராசு, முத்திரை, "கொஞ்சம் சேர்த்துப் போடுங்கண்ணே" என்ற பேரம் எல்லாம் வரும். குச்சிக் கணக்கில் விற்றால் காலையில் எத்தனை குச்சி கோத்தோம், இரவில் எத்தனை மிச்சம் என்று எண்ணினால் கல்லாப் பணம் சரிபார்த்தாகிவிட்டது. வேலைக்கு ஆள் வைத்து நடத்துகிறவர்களுக்கு இது பெரிய காவல். பின்னாளில் சிங்கப்பூர் அரசு தெருவோர விற்பனையாளர்கள் அனைவரையும் குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் உள்ள நிலையங்களுக்குள் கொண்டுபோய் அமர்த்தியது. 1980-களின் நடுவில் அந்த வேலை முடிந்தது. தெருவில் நின்று விற்பது எந்த ஊரிலும் நிரந்தர உரிமையாக இருந்ததில்லை என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

இனி நம் ஊருக்கு வருவோம். பலரும் வண்டியை வாங்கி, தகடு வெட்டி, வண்ணம் பூசிய பிறகுதான் சட்டம் பற்றி விசாரிக்கிறார்கள். அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் 2014-ல் வந்தது. நகர விற்பனைக் குழு அமைத்து, விற்பனைச் சான்று கொடுத்து, சான்று பெற்றவரை நினைத்தபடி விரட்டாமல் காக்கும் சட்டம் அது. சுற்றித் திரிந்து விற்பவரும் அதில் அடக்கம். ஆகவே நாமும் ஒரு சான்று வாங்கிவிடலாம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்தச் சட்டத்தின் 5-ஆம் பிரிவை நம் உறுப்பினர்கள் படித்துப் பார்க்க வேண்டும். சான்று கேட்பவர் மூன்று உறுதி தர வேண்டும். தாமோ தம் குடும்பத்தாரோதான் விற்பார்கள். வேறு பிழைப்பு வழி இல்லை. சான்றை வாடகைக்கோ வேறு விதமாகவோ பிறருக்கு மாற்றுவதில்லை. நடுவில் உள்ளதைக் கவனியுங்கள். பலசரக்குக் கடை வைத்திருப்பவர் "எனக்கு வேறு பிழைப்பு இல்லை" என்று எழுதிக் கொடுக்க முடியாது. எழுதிக் கொடுத்தால் பொய் உறுதி. சம்பளத்துக்கு ஆள் நிறுத்தி நடத்தினால் முதல் உறுதியும் போய்விடும்.

இது நியாயமா என்று நம்மிடம் கேட்டால், நியாயம்தான் என்றே சொல்வோம். நூறடி ரோட்டிலும் செக்காலை ரோட்டிலும் தள்ளுவண்டியில் சுண்டலும் ஆம்லெட்டும் விற்று வயிறு வளர்ப்பவருக்காக வந்த சட்டம் அது. கடையும் கிட்டங்கியும் உள்ள நாம் போய் அவர் இடத்தில் வேனை நிறுத்துவது அழகல்ல. அப்படியானால் நமக்கு வழி என்ன? தனியார் இடம். சொந்தக் கடையின் பின்மனை, ஓடாத அரிசி ஆலையின் களம், மண்டபத்து வாகன நிறுத்துமிடம் இப்படி ஏதேனும் ஒன்றை எழுத்து மூலமான வாடகை ஒப்பந்தத்தில் பிடித்து, உள்ளாட்சியில் தொழில் உரிமம் பற்றிக் கேட்டுத் தெளிந்து, அங்கே நிறுத்துவதுதான். காரைக்குடி 2024-ல் மாநகராட்சியாக உயர்ந்தது. எல்லைக்குள் வந்த பகுதி எது, யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை நேரில் போய்க் கேட்டுக் கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க் வளாகத்தை மட்டும் யோசிக்கவே வேண்டாம்; தணலும் பெட்ரோலும் அக்கம்பக்கம் இருக்கக் கூடாது.

அடுத்தது வண்டியின் பதிவுப் புத்தகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி அனுமதியின்றிச் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நடமாடும் கேன்டீன் என்பது போக்குவரத்து வாகன வகைகளில் ஒன்றாக 2004-லேயே மத்திய அரசின் அறிவிப்பில் வந்துவிட்டது. ஆகவே வழி அடைக்கப்படவில்லை. வரைபடத்துடன் முன் அனுமதி கேட்டு, வேலை முடிந்ததும் வண்டியைக் காட்டி, புத்தகத்தில் மாற்றி எழுதி வாங்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியை அப்படியே தொழிலுக்கு ஓட்டுவது கூடாது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் தீப்பிடித்த அன்று பாலிசி வெறும் தாளாகிவிடும்.

வண்டி பதினைந்து ஆண்டைத் தாண்டியதா என்பதையும் பாருங்கள். அத்தகைய வண்டிகளுக்கு எஃப்.சி. கட்டணம் 2022 ஏப்ரல் முதல் பல மடங்கு ஏறிவிட்டது. "மேட்டடார் சும்மாதானே நிற்கிறது" என்பார்கள். சும்மா நிற்கும் வண்டி ஓடத் தொடங்கியதும் சும்மா இருக்காது. பிரேக், டயர், பட்டை, பேட்டரி, எஃப்.சி. என்று பட்டியல் போட்டு, அதே தொகைக்கு ஐந்தாறு ஆண்டு ஓடிய சின்ன யானை கிடைக்குமா என்று பார்த்த பிறகே பழைய வண்டியில் கை வைக்க வேண்டும். பாசத்தை முதலீட்டில் சேர்க்க முடியாது.

எடைக் கணக்கு பலரும் மறப்பது. 2005-ல் வந்த டாடா ஏஸ் வண்டி சுமார் 750 கிலோ பாரம் தாங்கும். எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் பார்ப்போம். கூண்டும் மேசையும் தகடும் 300 கிலோ; 150 லிட்டர் தண்ணீர் 150 கிலோ; இரண்டு வணிக சிலிண்டர் 70; இரும்பு அடுப்பு 70; ஐஸ் பெட்டியும் இறைச்சியும் 80; கரி ஒரு மூட்டை 30; பேட்டரியும் இன்வெர்ட்டரும் 50; ஓட்டுநர் நீங்கலாக இரண்டு ஆள் 130. கூட்டினால் 880. பழைய தொட்டியைக் கழற்றியதில் கொஞ்சம் குறையும் என்றாலும் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. ஆகவே தண்ணீரை நிற்கும் இடத்தில் நிரப்பிக் கொள்வது, ஆட்கள் இருசக்கர வண்டியில் வருவது என்று ஏற்பாடு செய்ய வேண்டும். பாரத்தை ஒரே பக்கம் ஏற்றவும் கூடாது. நாம் ஒரு பட்டறையில் பார்த்த வண்டியில் அடுப்பு, தொட்டி, சிலிண்டர் மூன்றும் இடப்பக்கமே வைக்கப்பட்டிருந்தன. அந்தப் பக்கத்துப் பட்டை படுத்து, வண்டி நொண்டிக் குதிரை போல நின்றது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி பொருத்தினார்கள், கூலி இரட்டிப்பு.

விற்பனை ஜன்னல் இடப்பக்கம் இருக்க வேண்டும். இதைச் சொல்லவும் வேண்டுமா என்று நினைக்கலாம். அமெரிக்க வண்டிப் படங்களை வைத்துக்கொண்டு வேலை நடப்பதால் சொல்கிறோம். அங்கே சாலையின் வலப்புறம் ஓட்டுகிறார்கள். அதனால் ஜன்னல் வலப்பக்கம் இருக்கும். அதை அப்படியே நகல் எடுத்தால் நம் வாடிக்கையாளர் நடுரோட்டில் நின்று வாங்க வேண்டி வரும்.

கரி அடுப்பு வண்டிக்குள் இருக்கவே கூடாது. மூடிய இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலை கனக்கிறதே என்று நினைப்பதற்குள் ஆள் சாய்ந்துவிடுவார். பின்கதவை ஒட்டி வெளியே இழுத்து நிறுத்தும் தண்டவாளத் தட்டில் அடுப்பைப் பொருத்தி, வேலை முடிந்து தணல் முழுதும் ஆறிய பிறகே உள்ளே தள்ள வேண்டும். சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளியில் கொட்டுங்கள். மறுநாள் காலை வரை அதில் கங்கு உயிரோடு இருக்கும். அடுப்புக்குத் துத்தநாகம் பூசிய தகடோ டிரம்மோ ஆகாது. கடும் சூட்டில் துத்தநாகப் புகை கிளம்பும். ரசாயனமோ ஆயிலோ இருந்த பீப்பாயை இரண்டாக வெட்டி அடுப்பாக்குவதும் வேண்டாம். கனமான கறுப்பு இரும்புத் தகடே நல்லது; விலையும் பெரிதல்ல.

கேஸ் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை ரயில் நிலையத்தில் நின்ற சுற்றுலாப் பெட்டியில் நடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். உள்ளே கொண்டு வரப்பட்ட சிலிண்டரால் தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டார்கள். சக்கரத்தின் மேல் இருக்கும் கூண்டுக்குள் சிலிண்டர் என்றால் எப்போதும் அந்தப் பெட்டி நினைவுக்கு வர வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். மேலே புகைபோக்கி இருக்கிறதே என்பது இதற்கு உதவாது. தரை மட்டத்தில் காற்றுத் துளை வேண்டும். சிலிண்டரை வெளிப்புறக் கூண்டில், நிமிர்த்தி, சங்கிலி போட்டு நிறுத்தி, வண்டி ஓடும்போது ரெகுலேட்டரை மூடிவிட வேண்டும். வீட்டுச் சிவப்புச் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது குற்றம். 19 கிலோ நீலச் சிலிண்டர்தான் வாங்க வேண்டும். தீயணைப்புக் கருவி, வெளியே பாயும் இரண்டாவது வழி, இவை இல்லாமல் முதல் நாள் விற்பனை கூடாது.

இப்போது கரி. இதில் நம் மாவட்டத்துக்கு வெளியூரார் பொறாமைப்படலாம். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் முழுதும் சீமைக் கருவேலம். அதை வெட்டி அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டு எடுத்த கரி நம் வாசலிலேயே கிடைக்கிறது. உடைத்தால் கண்ணாடி போல் 'கிணுங்' என்று ஓசை வர வேண்டும். மந்தமாக ஒலித்தால் வேகாத கட்டையோ நனைந்த கரியோ கலந்திருக்கிறது. எடைக்கு வாங்கும் சரக்கில் ஈரம் என்றால் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம் என்று பொருள். இது புளி, வற்றல் வாங்கும் நமக்குத் தெரியாததல்ல. கரிக்கும் கறிக்கும் ஓர் எழுத்துதான் வேறுபாடு என்றாலும் பேரேட்டில் இரண்டையும் தனித்தனிப் பற்றில் எழுதுங்கள். சேர்த்து எழுதினால் எது தின்கிறது என்று தெரியாது.

கறியின் அடக்க விலையில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். உயிர்க்கோழி கிலோ 100 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். உரித்துச் சுத்தம் செய்தால் 700 கிராம் அளவே தேறும். அப்போது கறி கிலோ 143 ரூபாய். தணலில் நீர் வற்றிக் கால் பங்கு குறையும். சுட்ட கறி கிலோ அடக்கம் 190-ஐத் தாண்டிவிட்டது. மசாலா, கரி, இலை, கூலி, வாடகை எதுவும் இன்னும் சேரவில்லை. "கோழி நூறு, நான் முந்நூறுக்கு விற்கிறேன், மும்மடங்கு லாபம்" என்று பேசுகிறவருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

மசாலாவில் நம் செட்டிநாட்டுக் கைப்பக்குவம் அப்படியே உதவாது. சின்ன வெங்காயமும் தேங்காயும் அரைத்த கனத்த மசாலா சட்டிக்கு ஏற்றது. தணலில் அது வேகுமுன் கருகும். மிளகு, சீரகம், சோம்பு, இஞ்சி பூண்டு, எலுமிச்சை, உப்பு, குண்டு மிளகாய் இவற்றை மெல்லிதாகப் பூசி ஊற வைத்து, கல்பாசி, மராத்தி மொக்குப் பொடியை இறக்கும் முன் நெய்யில் கலந்து தடவினால் மணமும் நிற்கும், கசப்பும் வராது. சிவப்பு நிறப் பொடியைத் தொடவே வேண்டாம். கர்நாடக அரசு 2024 ஜூனில் கபாப்களில் செயற்கை நிறத்தைத் தடை செய்தது. ராமநாதபுரம் குண்டு மிளகாய் 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் பக்கத்துச் சரக்கு. அதைவிட வேறு நிறம் எதற்கு?

நாமக்கல்லில் 2023 செப்டம்பரில் ஷவர்மா சாப்பிட்ட பதினான்கு வயதுச் சிறுமி உயிரிழந்தாள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. இவற்றைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அரிசியில் ஒரு கல் கிடந்தால் வாடிக்கையாளர் திட்டுவார். கறி கெட்டால் ஒரு வீடு அழும். நாம் இதுவரை விற்ற சரக்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அது. பச்சைக் கறி 5 டிகிரிக்குள், சுட்டு வைத்தது 60 டிகிரிக்கு மேல். கோழியின் நடுப்பகுதி 75 டிகிரியைத் தொட வேண்டும். இதற்குக் குத்திப் பார்க்கும் வெப்பமானி வாங்கிக் கொள்ளுங்கள். பச்சைக்கு ஒரு இடுக்கி, வெந்ததற்கு ஒரு இடுக்கி. மிச்சத்தை மறுநாளுக்கு எடுத்து வைக்காதீர்கள். கடைக்கு வாங்கிய உணவுப் பாதுகாப்புப் பதிவு வண்டிக்குச் செல்லாது. தனியே எடுக்க வேண்டும். 2011 விதிகளில் 12 லட்சம் வரை விற்றுமுதல் உள்ளவருக்கு ஆண்டுக்கு 100 ரூபாயில் பதிவு என்று இருந்தது. இப்போதைய வரம்பை அலுவலரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தட்டு, பை 2019 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் தடை. வாழை இலையும் பாக்கு மட்டையும் இருக்கின்றன.

ஜி.எஸ்.டி.யில் ஒரு கண்ணி உண்டு. ஒரே பான் எண்ணில் நடக்கும் எல்லாத் தொழிலின் விற்றுமுதலும் ஒன்றாகக் கூட்டப்படும். கடை வரம்புக்குள் இருக்கிறது, வண்டியும் வரம்புக்குள் இருக்கிறது என்று தனித்தனியே பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. இரண்டும் சேர்ந்து வரம்பைத் தாண்டலாம். கணக்காளரிடம் முன்னதாகவே பேசிவிடுங்கள்.

நாள் கணக்கு இன்னொன்று. ஆண்டுக்கு 365 நாள் என்று போடுபவர் நம் ஊர்க்காரராக இருக்க முடியாது. புரட்டாசி, கார்த்திகை மாலை போடும் காலம், வெள்ளிக்கிழமை, அமாவாசை, சஷ்டி, மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் மாசி பங்குனித் திருவிழா, ஐப்பசி மழை இவை எல்லாம் போக முழு விற்பனை நாள் 220 தேறினால் பெரிது. வண்டியும் மாற்றமும் சேர்த்து நான்கு லட்சம் ஆகி, நான்காண்டில் அதை எடுக்க நினைத்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம். 220-ஆல் வகுத்தால் விற்பனை நாள் ஒன்றுக்கு 455 ரூபாய் முதலுக்கே போக வேண்டும். வட்டி வேறு. ஆளுக்குச் சம்பளமோ விரத நாளிலும் உண்டு. அந்த நாட்களுக்குச் சோளம், பனீர், சர்க்கரைவள்ளி, அன்னாசி என்று தனி அடுப்பு, தனிக் கம்பி வைத்துச் சமாளிக்கலாம். பிள்ளையார்பட்டி, குன்றக்குடிப் பக்கம் கறி வண்டியைக் கொண்டுபோக வேண்டாம் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இவ்வளவும் படித்துவிட்டு நம் உறுப்பினர் ஒருவர், "அப்ப வேண்டாங்கிறீங்களாண்ணே?" என்று கேட்டார். அப்படிச் சொல்லவில்லை. சொந்த இடமும், அடுப்படியில் நிற்க மனமுள்ள பிள்ளையும் இருந்தால் இறங்கலாம். மற்றவர்களுக்கு நம் யோசனை வேறு. யாரோ நடத்தும் வண்டிகளுக்குக் கரி, மிளகாய், மசாலா, மட்டைத் தட்டு சப்ளை செய்யுங்கள். இந்தப் பொருள்கள் நம் கையில் இருப்பவை, கெடாதவை. ஆனால் கடனில் மட்டும் கவனம் தேவை. கடைக்குப் பூட்டு உண்டு, வண்டிக்குச் சக்கரம் உண்டு. ஒரு மாதக் கணக்கு வேண்டாம், வாரம் ஒரு முறை ரொக்கத்தில் தீர்க்கும் பற்று போதும்.

இறங்கியே தீருவேன் என்பவர் தகடு வெட்டுமுன் ஒன்று செய்யலாம். பதிவை வாங்கிக் கொண்டு, கடைப் பின்மனையில் ஓர் அடுப்பை மட்டும் வைத்து எட்டுச் சனி ஞாயிறு மாலை விற்றுப் பாருங்கள். மாலை ஆறு முதல் பத்து வரை மணிக்கு எத்தனை குச்சி போயிற்று, கரி எத்தனை கிலோ, மிச்சம் எவ்வளவு, மறுவாரம் திரும்பி வந்த முகம் எத்தனை என்று நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வையுங்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகலாம்.